போன் இருந்தா போதுமா? பள்ளி மூடியபோது யாருக்குப் படிப்பு ஏறியது, யாருக்கு ஏறவில்லை, ஏன்?

'அ' என்ற எழுத்தை எழுத, தெரிந்தவர்களுக்கு ஒரு நொடி போதும். முதன்முறை எழுதும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வேலை. எங்கே சுழிக்க ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் வளைப்பது, கடைசிக் கோட்டை எங்கே இழுத்து நிறுத்துவது என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டும். பத்து தடவை தப்பாக வரும். பதினோராவது தடவை சரியாக வரும்போது, "சூப்பர்டா, இப்படித்தான்" என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

2020-21 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் அந்தக் கை கிடைக்கவில்லை. கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள். இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பை வகுப்பறையில் படிக்காமலே இரண்டாம் வகுப்பு மாணவர்களாகப் பள்ளிக்குள் வந்தார்கள்.

அந்த 19 மாதமும் பாடம் நடக்காமல் இல்லை. டிவியில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, ஜூமில் வந்தது. ஆனால் ஒரே பாடம் ஒரு வீட்டில் ஏறியது, இன்னொரு வீட்டில் ஏறவில்லை. "போன் இல்லாததுதான் காரணம்" என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்ன?

மூன்று வீடுகள், ஒரே பாடம்

மூன்று வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்றிலும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. காலை பத்து மணிக்கு டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஏழு நிமிட வீடியோ ஒன்றை அனுப்புகிறார்.

முதல் வீடு, சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஓர் அபார்ட்மென்ட். அப்பா, அம்மா இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஆளுக்கொரு லேப்டாப், வைஃபை, கதவு சாத்திக்கொள்ள அறை. பிள்ளை வீடியோவைப் பார்த்துவிட்டு ஓடப் பார்க்கும்போது, மீட்டிங்குக்கு நடுவில் அம்மா வந்து, "எழுதிக் காட்டு பார்ப்போம்" என்கிறார்.

இரண்டாவது வீடு, ஒரு சின்ன டவுனில். அப்பா குட்டியானை ஓட்டுகிறார். வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அதுவும் சவாரி அழைப்புக்காக அவரோடு போய்விடும். இரவு ஒன்பது மணிக்கு அவர் திரும்பி வரும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும், அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். மத்தியானம் சமையல் முடிந்ததும் தம்பியைச் சிலேட்டோடு உட்காரவைக்கிறாள்.

மூன்றாவது வீடு, கிராமத்துக் கடைசித் தெரு. அப்பா, அம்மா இருவரும் விடிகாலையில் கூலி வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அவரிடம் இருப்பது பட்டன் போன். பாட்டிக்குப் பேரனை உட்காரவைக்கத் தெரியும், சோறு ஊட்டத் தெரியும், கதை சொல்லத் தெரியும். 'அ' எழுதத் தெரியாது.

போன் கணக்கை மட்டும் பார்த்தால் முதல் வீடு பாஸ், மற்ற இரண்டும் ஃபெயில். ஆனால் இரண்டாவது வீட்டுப் பையன் 'அ' கற்றுக்கொள்கிறான். அந்த வீட்டுக்கு முழுநேர போனோ வேகமான நெட்டோ கிடைத்துவிடவில்லை. எழுதத் தெரிந்த ஒருத்திக்குக் கொஞ்சம் நேரமும் மனசும் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போன் இருந்தது. யார் கையில் இருந்தது?

பிரதம் அமைப்பு நடத்தும் 'ஏசர்' ஆய்வு, இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துவருகிறது. பொதுமுடக்கக் காலத்தில் வீடு வீடாகப் போக முடியாததால், 2020-லும் 2021-லும் தொலைபேசி வழியாகக் கேட்டார்கள்.

2018-ல் பள்ளி செல்லும் கிராமப்புறப் பிள்ளைகளில் 36.5% பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. 2020-ல் அது 61.8%. 2021-ல் 67.6%. மூன்றே ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருமானம் நின்றுபோன காலத்திலும் பிள்ளைகளின் படிப்புக்காகக் கடன்பட்டு, தவணை கட்டி, நகையை வைத்து போன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. "ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுபவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆனால் அதே 2021 ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும் அதைப் படிப்புக்குப் பயன்படுத்த முடியாத பிள்ளைகள் 26.1%. அதாவது நான்கில் ஒருவர். சின்ன வகுப்புகளில் இது இன்னும் மோசம். ஒரு வீட்டில் ஒரு போன், அதற்கு அப்பா, அண்ணன், அக்கா, தம்பி என்று வரிசை இருந்தால், கடைசியில் நிற்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைதான். "அண்ணனுக்குப் பத்தாவது, அவனுக்கு முதல்ல குடு" என்று வீடே முடிவெடுத்துவிடும். அதில் தப்பும் சொல்ல முடியாது.

பொருளாதார அறிஞர்கள் ஜான் ட்ரீஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த இன்னொரு ஆய்வு 2021 செப்டம்பரில் வெளியானது. 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் வசதி குறைந்த குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8% மட்டுமே. நகரத்தில் 24%. கிராமத்துப் பிள்ளைகளில் 37% பேர் எதுவுமே படிக்கவில்லை.

டிவி எல்லா வீட்டிலும் இருந்ததே?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. 2006-11 காலத்தில் அரசே வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த மாநிலம் இது. போன் இல்லாத வீட்டிலும் டிவி இருக்கும். கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவுக்கு முன்பே 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டுவிட்டது. அதனால் பொதுமுடக்கம் வந்தபோது வகுப்புவாரியாக அட்டவணை போட்டுப் பாடம் ஒளிபரப்ப முடிந்தது. கேரளமும் இதே வழியில் 2020 ஜூன் 1 முதல் 'விக்டர்ஸ்' சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை நடத்தியது.

இது சின்ன விஷயம் இல்லை. நெட் இல்லாத வீட்டுக்கும் ஒரு நல்ல ஆசிரியரின் குரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் டிவிக்கு ஒரு குறை உண்டு. அது பேசும், கேட்காது. முன்னால் இருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா, பாதியில் எழுந்து போய்விட்டதா, 'ன'வுக்குப் பதில் 'ண' எழுதுகிறதா என்று அதற்குத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் என்றால் வீடியோவை நிறுத்தி, திரும்பப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டித் தானாகக் கொஞ்சம் தேறிக்கொள்வார். படிக்கவே கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு அந்த வழி இல்லை. தப்பு செய்யும்போது உடனே திருத்த ஒருவர் வேண்டும். பள்ளியில் அந்த ஒருவர் ஆசிரியர். பள்ளி மூடினால் அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது.

பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

2020 ஏசர் ஆய்வு பெற்றோரின் படிப்பை வைத்துக் குடும்பங்களைப் பிரித்துப் பார்த்தது. அம்மா, அப்பா இருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத வீடுகள் ஒரு பக்கம். இருவரும் ஒன்பதாம் வகுப்போ அதற்கு மேலோ படித்த வீடுகள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகை வீடுகளில் 89.4% பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது படிப்பில் உதவினார்கள். முதல் வகை வீடுகளில் அது 54.8%.

இந்த 54.8-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம். கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகளுக்கு உதவ ஆள் இல்லை என்பது ஒன்று. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பெற்றோரின் வீட்டில்கூட பாதிக்கு மேல் யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. அக்கா, அண்ணன், சித்தி, மாமா என்று குடும்பம் தன்னிடம் இருந்த எழுத்தறிவையெல்லாம் திரட்டி முன்னால் வைத்தது.

டியூஷன் கணக்கும் இதையே காட்டுகிறது. கிராமப்புறத்தில் காசு கொடுத்து டியூஷன் போன பிள்ளைகள் 2018-ல் 28.6%, 2021-ல் 39.2%. இந்த உயர்வு அதிகமாக இருந்தது, பெற்றோர் குறைவாகப் படித்த வீடுகளில்தான். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள், வெளியில் காசு கொடுத்து ஆள் தேடினார்கள். வேலையும் கூலியும் அடிபட்ட நேரத்தில்.

நெட் வேகமாக இருந்தால் இந்த இடைவெளி மறைந்துவிடுமா? நெதர்லாந்து நிலைமையைப் பாருங்கள். உலகிலேயே வீட்டு இணைய வசதி அதிகம் உள்ள நாடுகளில் ஒன்று. அங்கே முதல் அலையில் பள்ளிகள் எட்டு வாரம்தான் மூடின. சுமார் மூன்றரை லட்சம் தொடக்கப் பள்ளி மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்த கட்டுரை 2021-ல் வெளியானது. பிள்ளைகள் இழந்தது ஏறக்குறைய ஓராண்டுப் படிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு வாரமும் வீட்டில் சும்மா இருந்திருந்தால் என்ன இழப்பு வருமோ, கிட்டத்தட்ட அதே அளவு. பெற்றோர் குறைவாகப் படித்த வீடுகளில் இழப்பு 60% வரை அதிகமாக இருந்தது.

கருவியும் நெட்டும் அவ்வளவு இருந்த நாட்டிலேயே இப்படி என்றால், பிரச்சினை அதோடு முடியவில்லை என்று அர்த்தம்.

'வீட்டுப் பின்னணி' என்றால் வருமானம் மட்டுமா?

இல்லை. பல சங்கதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

இடம்: ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால், ஒருவர் சமைக்க, ஒருவர் டிவி பார்க்க, ஒருவர் படிக்க வேண்டும். பத்து நிமிடம் அமைதி கிடைப்பதே கஷ்டம்.

நேரம்: வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிந்த பெற்றோர் கொஞ்சம் பேர்தான். கட்டட வேலை, வயல் வேலை, கடை வேலை செய்பவர்களுக்குத் தளர்வு வந்த மறுநாளே வெளியே போயாக வேண்டியிருந்தது.

பாடமொழி: தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த அம்மாவாலும், ஆங்கில வழியில் படிக்கும் மகளின் அறிவியல் பாடத்தில் உதவ முடியாமல் போகலாம். "எனக்கு இங்கிலீஷ் வராது கண்ணு, மிஸ்ஸுக்கு போன் போட்டுக் கேளு" என்பதோடு அவர் உதவி முடிந்துவிடும்.

வீட்டு வேலை: பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் பாத்திரம், தண்ணீர், தம்பி என்று வேலை தேடி வரும். இரண்டாவது வீட்டு அக்காவை நினைத்துப் பாருங்கள். தம்பிக்கு ஆசிரியர் கிடைத்தார். அவளுடைய பிளஸ் ஒன் பாடத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சாப்பாடு: அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி என்பது மதியச் சத்துணவும்தான். மூடியிருந்த காலத்தில் அரிசி, பருப்பாக உலர்பொருள் கொடுக்கப்பட்டது. ஆனால் வீட்டுக்கு வரும் அரிசி வீட்டுக்கே பொது. பள்ளித் தட்டில் விழும் சோறு அந்தப் பிள்ளைக்கு மட்டும்.

பள்ளி என்கிற குழாய்

வீட்டுக்கு வீடு இவ்வளவு வித்தியாசம் எப்போதும் இருக்கிறது. பிறகு ஏன் மூடும்போது மட்டும் பெரிதாகிறது?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளை, டோரிஸ் என்ட்விசில், கார்ல் அலெக்சாண்டர் என்ற சமூகவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் சொன்ன உவமை எளிமையானது. பள்ளி ஒரு குழாய். திறந்திருக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் தண்ணீர் வருகிறது. கோடை விடுமுறையில் குழாயை மூடினால், வீட்டில் கிணறு இருப்பவர் சமாளித்துக்கொள்கிறார். இல்லாதவர் அப்படியே நிற்கிறார்.

கோடை விடுமுறையில் இடைவெளி எவ்வளவு பெரிதாகிறது என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். தேர்வுகளை அளந்த முறையே முடிவை மாற்றிவிடக்கூடும் என்பது அவர்கள் வாதம். ஆனால் உவமையின் அடிப்படை, தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். பள்ளி திறந்திருந்தால் எல்லோரும் சமம் என்றில்லை. ஆனால் படிக்காத பெற்றோரின் பிள்ளைக்கும் தினம் சில மணி நேரம் படித்த ஒருவரின் கவனம் கிடைக்கிறது. மூடும்போது அந்தப் பிள்ளைக்கு முதலில் போவது அதுதான்.

தமிழ்நாட்டில் இழப்பு எவ்வளவு?

இதற்கு நல்ல அளவீடு ஒன்று இருக்கிறது. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019-ல் அதே வயதில் இருந்த பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. 2021 டிசம்பரில் சோதித்தபோது, மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் ஏற்பட்ட பின்னடைவு, மொழியில் ஏற்பட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

இதற்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மொழி வீட்டில் புழங்குகிறது. பாட்டி கதை சொல்கிறார், டிவியில் ஓடுகிறது, பேருந்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. கடன் வாங்கிக் கழித்தல் அப்படிக் காற்றில் வருவதில்லை. யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவாகவும் இல்லை. ஏற்கெனவே பின்தங்கிய பின்னணியில் இருந்தவர்களுக்கு அதிகமாக இருந்தது.

2022 ஏசர் ஆய்வு இன்னொரு படத்தைக் காட்டியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றிப் படித்தவர்கள் 4.8%. 2018-ல் இது 10.2%. தேசிய அளவில் 27.3%-லிருந்து 20.5% ஆனது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 2018-ன் 10.2 என்பதே பெருமைப்படும் எண் இல்லை. பள்ளி திறந்திருந்த காலத்திலேயே இருந்த பலவீனம் அது. கொரோனாவின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. அடுத்து, 2022-ல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். 2020-21-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். கையைப் பிடித்து 'அ' எழுதவைக்கப் பள்ளியில் ஆள் கிடைக்காத அதே பிள்ளைகள்.

அப்படின்னா மீளவே முடியாதா?

முடியும். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான்.

அதே 19,000 பிள்ளைகள் ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பின்னடைவில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அதைவிட முக்கியம், அதிகம் இழந்த பின்தங்கிய பிள்ளைகளே அதிகமாக மீண்டார்கள். குழாய் திறந்ததும் காலிக் குடம் வேகமாக நிறைந்தது.

இதில் பள்ளி மட்டும் வேலை செய்யவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளி முடிந்த பிறகு மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வகுப்பு. ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ படித்தவர்கள், 6 முதல் 8-ம் வகுப்பு வரைக்குப் பட்டம் படித்தவர்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஆய்வாளர்கள் கணக்குப்படி, மொத்த மீட்சியில் சுமார் 24% இந்த மாலை வகுப்புகளால் வந்தது. பின்தங்கிய பிள்ளைகள் கூடுதலாக மீண்டதற்கும் இது உதவியிருக்கக்கூடும் என்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. கோயில் திண்ணை, சமுதாயக் கூடம், சிலருடைய வீட்டு வாசல். பாய், சார்ட், பாட்டு, விளையாட்டு. திட்டம் கொடுத்தது, பக்கத்துத் தெருவில் இருந்த, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் ஒரு மணி நேரத்தை. மூன்றாவது வீட்டில் பாட்டியால் கொடுக்க முடியாமல் போனது அதுதான்.

விமர்சனங்களும் உண்டு. தன்னார்வலர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவ்வளவு உழைப்புக்கு இது மிகக் குறைவு என்ற குரல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நிரந்தர ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட இது சாக்காகிவிடக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. பிறகு மையங்கள் குறைக்கப்பட்டன. வகுப்பறைக்கு உள்ளே 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 1 முதல் 3-ம் வகுப்பு வரைக்கு 2022 ஜூனில் தொடங்கியது. தேசிய அளவிலும் படிப்பு மீண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்பு வாசிப்பு 2024 ஏசர் ஆய்வில் 27.1% ஆகி, 2018 நிலையை ஏறக்குறையத் தொட்டது.

ஆனால் 2024-ல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள், ஒன்றாம் வகுப்பைப் பள்ளியிலேயே படித்த அடுத்த தலைமுறை. புதிதாக வந்தவர்களுக்குக் குழாய் திறந்திருக்கிறது. நடுவில் சிக்கியவர்கள் அடுத்தடுத்த வகுப்புக்கு நகர்ந்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர், பாடப்புத்தகத்தின் ஆறாம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்துவார். கழித்தலில் விட்ட இடம் பின்னத்தில் காட்டும், பின்னத்தில் விட்டது இயற்கணிதத்தில் காட்டும்.

இனிமேல் பள்ளி மூடாதா?

19 மாதம் மூடாமல் இருக்கலாம். ஆனால் சின்னச் சின்ன மூடல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

2023 ஜூனில் வெயில் காரணமாகத் தமிழ்நாட்டில் பள்ளி திறப்பு தள்ளிப்போனது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் முடக்கியது. அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். வெள்ளம் புகுந்த தரைவீட்டில் பிள்ளையின் புத்தகப் பையும் நனைகிறது. நான்காவது மாடியில் இருக்கும் பிள்ளைக்கு மழை, லீவு மட்டும்தான்.

டெல்லியில் 2024 நவம்பரில் காற்று மாசு உச்சத்துக்குப் போனபோது வகுப்புகள் ஆன்லைனுக்கு மாற்றப்பட்டன. அப்போது உச்ச நீதிமன்றமே சில விஷயங்களைச் சுட்டிக்காட்டியது. பல மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்புக்கான வசதி இல்லை, மதிய உணவும் கிடைக்காமல் போகிறது, வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் இல்லாதவர்களுக்கு வீட்டில் இருப்பதால் பெரிய பாதுகாப்பும் இல்லை.

"மூடு, ஆன்லைனில் நடத்து" என்று ஒரே வரியில் போடும் உத்தரவு, எல்லா வீட்டையும் முதல் வீடாக நினைத்துக்கொள்கிறது. மூன்றாவது வீடு அதன் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்த முறை என்ன செய்யலாம்?

கொரோனா காலத்து அனுபவம் சில தெளிவான வழிகளைக் காட்டுகிறது.

பள்ளிகள் போன் எண்ணைக் கேட்பதோடு நிறுத்தாமல், "பகலில் பிள்ளையோடு யார் இருப்பார், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?" என்றும் கேட்டு வைத்துக்கொள்ளலாம். மூடும் நாளில் எந்த வீட்டுக்கு வீடியோ போதும், எந்த வீட்டுக்கு ஆள் போக வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்லிவிடும்.

சின்ன வகுப்புகளைக் கடைசியில் திறக்கும் பழக்கத்தையும் யோசிக்க வேண்டும். 2021-ல் 9 முதல் 12 வரை செப்டம்பர் 1-லேயே திறந்தன, சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் வரை காத்திருப்பு. பொதுத்தேர்வும் தடுப்பூசியும் மனதில் இருந்த நேரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் திரையைப் பார்த்துத் தானாகக் கற்க முடியாதவர்கள் அந்தச் சின்னப் பிள்ளைகள்தான்.

பெரிய பள்ளி திறக்க முடியாவிட்டாலும் சின்னக் குழு கூட முடியும். கர்நாடகம் 2020 ஆகஸ்டில் 'வித்யாகம' என்ற பெயரில், ஆசிரியர்களைக் குடியிருப்புகளுக்கு அனுப்பித் திறந்தவெளியில் பாடம் நடத்திப் பார்த்தது. தொற்று அச்சத்தால் அக்டோபரில் நிறுத்த வேண்டிவந்தது. புயலுக்கும் வெயிலுக்கும் அந்த அச்சம் இல்லை.

படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கும் இளைஞர்களும் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகள், அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் மகன், ஊரில் இருக்கும் அண்ணன் பிள்ளை என்று உங்களுக்குத் தெரிந்த வட்டத்திலேயே அந்த மூன்றாவது வீடு இருக்கும். பழைய போனை எடுத்துக் கொடுப்பது நல்லதுதான். அதோடு வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் கூட உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். திக்கினால் சொல்லிக்கொடுங்கள். படித்ததை அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு பி.எட். தேவையில்லை. பிளஸ் டூ படித்த பெண்கள் இதைத்தான் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்துகாட்டினார்கள்.

2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் 2029-30 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு வருவார்கள். 2030-ல் பொதுத்தேர்வு முடிவு வரும்போது, மார்க் ஷீட்டில் 19 மாத மூடலைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்த 19 மாதத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதும் இருக்காது. பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் இருக்கும். மூன்றாவது வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "அவனுக்குப் படிப்பு ஏறலை" என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்க, அதுவரை நேரம் இருக்கிறது.